நோய் இல்லாத நோயாளி

பஸ் டிரைவர் மர நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்ததைப் பார்த்ததுமே டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

மூலம், பௌத்திரம் என்று ஆசனவாய்க் கோளாறுகளை மட்டுமே பார்க்கும் ஆயுர்வேத மருத்துவமனை அது. வருகிறவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பேசுவார்கள். உட்கார்ந்தாலும் நாற்காலியின் நுனியில், ஒரு பக்கமாகச் சாய்ந்துதான்.

“என்ன தொந்தரவு?”

“வெளிக்குப் போகும்போது வலி, டாக்டரம்மா. கண்ணாடி வெச்சுக் கிழிக்கிற மாதிரி. போயிட்டு வந்த பிறகும் ரொம்ப நேரம் எரியுது. ரத்தமும் சொட்டுது.”

“பசி எப்படி?”

“பசிக்குது. ஆனா சாப்பிட்டா போகணுமேன்னு பயம். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுத் தட்டைத் தள்ளி வெச்சிடறது.”

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். சீருடைச் சட்டையின் பொத்தான்கள் தொப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. தட்டைத் தள்ளி வைக்கிற உடம்பாகத் தெரியவில்லை.

“லீவுக்கு சர்டிபிகேட் வேணுமா?”

“அய்யய்யோ, வேண்டாம்.”

“அப்ப பார்த்துடலாம். எல்லாரும் மூலம்னு ஒரே பேரை வெச்சிடறாங்க. மூலம் வேற, வெடிப்பு வேற, பௌத்திரம் வேற. ஒண்ணுக்குத் தைலம் போதும். இன்னொண்ணுக்கு மருந்து ஏத்தின நூலைக் கட்டணும். பார்க்காம மருந்து கொடுத்தா, பல்வலிக்குக் காதுல சொட்டு விட்ட கதையாயிடும். அந்தக் கட்டில்ல படுங்க.”

டிரைவர் எழுந்து நின்றார். ஆனால் கட்டிலுக்குப் போகவில்லை.

“திரை முழுசா மூடுமா?”

“மூடும்.”

“நடுவுல யாராவது கதவைத் திறந்துட்டா?”

“நர்ஸ் தாழ்ப்பாள் போட்டுடுவா.”

“துணியெல்லாம் கழட்டணுமா?”

“தளர்த்தினா போதும். மேல போர்வை போட்டுடுவோம்.”

“முகம் எந்தப் பக்கம் இருக்கும்?”

“சுவர்ப் பக்கம்.”

“அப்ப நீங்க முகத்தைப் பார்க்க மாட்டீங்க.”

“முகத்துக்கா வைத்தியம் பார்க்கப் போறேன்?”

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையை இழுத்துவிட்டாள்.

முழங்காலை மடக்கி இடது பக்கமாகப் படுத்த மனிதர், கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அத்தனை பெரிய பஸ்ஸை ஓட்டுகிறவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

“வலிச்சா சொல்லுங்க.”

“வலிக்கல. கூச்சமாத்தான் இருக்கு. ரொம்பக் கூச்சமா இருக்கு.”

“எல்லாருக்கும் அப்படித்தான்.”

“நிஜமாவே வெடிப்பு இருக்கிறவங்களுக்கு வலிக்காதா?”

“அவங்களுக்கு விரலே வைக்க மாட்டேன். வெளியில பார்த்தாலே தெரிஞ்சிடும்.”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார்.

“ஒண்ணுமே இல்ல. வெடிப்பு இல்ல, மூலம் இல்ல, ஒரு கீறல்கூட இல்ல.”

டிரைவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா? எதுக்கு இந்த நாடகம்? வெளியே எத்தனை பேர் உட்காரவும் முடியாம, நிக்கவும் முடியாம தவிக்கிறாங்க. அவங்க நேரத்தை எடுத்துக்கிட்டு இங்க வந்து பொய் சொல்லிட்டிருக்கீங்க. வயசுக்கு ஏத்த புத்தி வேண்டாம்?”

“தப்புதான் டாக்டரம்மா.”

தப்பு என்றாரே தவிர, ஆள் நகரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ஒருவேளை வெடிப்புதான்னா, கத்தி வெப்பீங்களா?”

அந்த எரிச்சலிலும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க டாக்டரம்மாவால் முடியவில்லை.

“ஆரம்பத்துலயே வந்துட்டா பெரும்பாலும் தேவைப்படாது. வலி கீழே இருந்தாலும் வேர் வயித்துலதான். சூரணம் கொடுத்து மலத்தை இளக வைக்கணும். வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் உட்காரணும். தைலம் போடணும். வெட்கப்பட்டு மறைச்சு மறைச்சு வெச்சுக்கறாங்க பாருங்க, அவங்களுக்குத்தான் முத்திப் போகுது.”

“மறைச்சு வெச்சாத்தான் முத்திப் போகும்,” என்று டிரைவர் பாடம் ஒப்பிக்கிற மாதிரி மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“கிளம்புங்க.”

“ரொம்ப நன்றி டாக்டரம்மா.”

கும்பிட்டுவிட்டு வெளியே போனார். இவ்வளவு திட்டு வாங்கிய முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“எப்படியெல்லாம் வந்து சேருதுங்க பாருங்க,” என்றாள் நர்ஸ்.

“சரி விடு. அடுத்தவங்களைக் கூப்பிடு.”

நர்ஸ் கதவைத் திறந்தாள். கையை உயர்த்திக் கூப்பிடப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். டாக்டரம்மாவும் நிமிர்ந்து பார்த்தார்.

நடைபாதையின் கோடியில், எலும்பும் தோலுமாக ஒரு பெண் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எந்த நிமிஷமும் வாசல் பக்கம் திரும்பிப் போய்விடுகிறவள் மாதிரி இருந்தாள். டிரைவர் அவள் தோளைத் தொட்டுக் குனிந்து ரகசியம் பேசினார். பஸ் இரைச்சலுக்குப் பழகிய குரல். ரகசியமும் உள்ளே வரைக்கும் கேட்டது.

“கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுடுவாங்க, முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாங்க, வலிக்கும்னா விரலே வைக்க மாட்டாங்களாம்... எல்லாம் நானே படுத்துப் பார்த்துட்டு வந்துட்டேம்மா, இனிமேலாவது பயப்படாம உள்ள போ.”