ஒரே ஜன்னலில் இரண்டு தாள்கள்

இன்று வாக்கெடுப்பு. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் மழை விட்டு, ஜன்னல் கண்ணாடியில் தங்கிய துளிகள் வெயிலில் மினுங்குகின்றன. ஒரு பாதியில் ட்ரெவர் ஒட்டிய ‘ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவோம்’. மறு பாதியில் அவன் மனைவி லொரெய்ன் ஒட்டிய ‘ஒன்றியத்திலேயே இருப்போம்’. ஈரத்தில் அவனுடைய தாளின் மூலை பிய்ந்து தொங்குகிறது. ஓட்டுப்போடக் கோட்டு மாட்டிக் கிளம்பியவள் திரும்பி வந்து, டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, அந்த மூலையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறாள்.

“தோக்கறதுன்னாலும் நேரா நின்னு தோக்கட்டும்யா.”

ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே ட்ரெவர் சிரிக்கிறான். “தோத்தவங்கதான் நாளைக்குக் காலைல டீ போடணும். ஞாபகம் இருக்கட்டும்.”

“எனக்கு சர்க்கரை வேணாம்” என்கிறாள், அவனுக்காகக் கதவைத் திறந்து பிடித்தபடி.

“எனக்கு ரெண்டு ஸ்பூன்.”