ஆறாவது ட்ராக்

"இ... இ... இ..."

ஸ்பீக்கர் மறுபடியும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டது. நசீர் அகமது மவுஸை மேஜைமேல் ஓங்கிக் குத்தினார். "இன்னா பேஜாருய்யா இது!"

ஆம்பூர் பஜாரில் சிடி ரைட்டிங் கடை போட்டதிலிருந்து எந்த சிடியும் அவரை இப்படிப் படுத்தியதில்லை. கொண்டுவந்தவள் நர்ஸ் இவாஞ்சலின்.

"எங்கப்பா கிருபானந்தம் என் கல்யாண ரிசப்ஷன்ல பேசினது பாய். அவர் குரல்னு இது ஒண்ணுதான் இருக்கு. எம்புள்ள தரையில தேய்ச்சு விளையாடிட்டான். சாயந்திரம் அப்பாவோட நினைவுக் கூட்டத்துல போடணும்" என்று காலையில் கொடுத்துவிட்டு டூட்டிக்கு ஓடியிருந்தாள்.

சிடி முழுக்கக் கீறல். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தார். மாதனூர் ஷூ கம்பெனியில் இருக்கும் மச்சான் கொடுத்த பாலிஷையும் போட்டுப் பார்த்தார். முதல் ஐந்து ட்ராக்கும் கீர்த்தனைகள். எரர் மேல் எரர் காட்டி, உயிரை வாங்கிவிட்டு, ஒருவழியாகக் கம்ப்யூட்டரில் ஏறின.

ஆறாவதுதான் அப்பாவின் பேச்சு. அது ஒரு எரர்கூடக் காட்டாமல் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. ஆனாலும் வார்த்தைக்கு வார்த்தை நின்றது. ஸ்பீடைக் குறைத்தார், டிரைவை மாற்றினார். ரிசப்ஷன் மண்டபத்தை ஒட்டிப் போன ரயில் பின்னணியில் தடதடவென்று சீராகப் போய்க்கொண்டிருக்க, குரல் மட்டும் "இ... இ..." என்று நொண்டியது.

"எரர் இல்லன்னு கம்ப்யூட்டரே பொய் சொல்லுது பாரு!"

ஆத்திரத்தில் இன்னொரு தடவை ஓட்டினார். சிடி டிரைவுக்குள்ளேயே படாரென்று உடைந்தது. நசீருக்கு வியர்த்துவிட்டது. இனி கம்ப்யூட்டரில் ஏறியிருப்பது மட்டும்தான் மிச்சம்.

மத்தியானச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தார். நின்ற இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி, ஒட்டி, புது ஃபைல் ஒன்று செய்து முடித்தபோது இவாஞ்சலின் யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

"சிடி உடைஞ்சிருச்சும்மா, மன்னிச்சுக்கோ. ஆனா பேச்சு பத்திரமா இருக்கு. கேளு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். 'இவாஞ்சலின் எங்க வீட்டுக்கு வந்த ஆசீர்வாதம்...' குரல் தங்கு தடையில்லாமல் ஓடியது. அவள் கண்ணில் நீர் முட்டியது. நசீருக்குப் பட்ட பாடெல்லாம் பறந்துபோனது.

"ஒரு எடத்துலயாவது நிக்குதா பாரு! இனிமே அந்தப் பழைய ஃபைலு எதுக்கு?"

அழிப்பதற்காக விரலை நீட்டினார். அவள் பதறி, கீபோர்டை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"அழிச்சிடாதீங்க பாய்! எங்கப்பா ஒரு நாளும் என் பேரைத் திக்காம சொன்னதில்ல!"