மைனா செய்த சமரசம்

செவலைக் காளையும் மயிலைக் காளையும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், வண்டி ஆற்று மணலில் புதைந்துவிட்டது. வெள்ளமோ ஏறிக்கொண்டே வந்தது.

நுகத்தடியில் உட்கார்ந்திருந்த மைனாவுக்குத் தன் சொல்வளத்தில் ஏகப்பட்ட பெருமை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சமரசம் செய்துகொள்ளுங்கள்! உடன்பாட்டுக்கு வாருங்கள்! இணங்கிப் போங்கள்!" என்று முழங்கியது. காளைகள் காதைக்கூட அசைக்கவில்லை.

அப்போதுதான் மயிலையின் கழுத்தில் நுகத்தடி உரசி ரத்தம் கசிவதைச் செவலை பார்த்தது.

"ரொம்ப வலிக்குதாடா?"

மயிலை மெல்லத் தலையைத் திருப்பியது. "ஆமா. சேர்ந்து இழுப்போமா?"

இரண்டும் மூச்சைப் பிடித்து இழுத்தன. வண்டி கரையேறியது.

மைனா நேரே குருவிகளிடம் பறந்துபோய்ச் சொன்னது: "அவர்களை ஒன்றுசேர்த்ததே நான்தான். என்னுடைய எந்தச் சொல்லுக்கு மசிந்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை!"