கோட்டுக்கு அந்தப் பக்கம்

கரும்பலகையில் ‘டிஃபன்ஸ்’ என்று எழுதி, அடியில் அழுத்தமாகக் கோடு போட்டார் தனுஷ்கோடி சார்.

பிறகு திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

கடைசி பெஞ்சில் கேப்டனான அவளும் அவளுடைய பின்வரிசையும் உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் பின்னால் நிற்கிறவர்கள் வகுப்பறையிலும் பின்னால்தான் உட்கார வேண்டும் போலிருக்கிறது.

முந்தின நாள் கால்பந்து அரையிறுதியில் கல்லூரி தோற்றுவிட்டது. ஒரே ஒரு கோல். அந்த ஒரு கோலுக்குத்தான் இன்று பிரேதப் பரிசோதனை. முன்னால் நாற்காலி போட்டுப் பிரின்சிபல் அம்மா வேறு.

ஃபார்வர்டுக்குப் பத்துக்கு எட்டு மார்க். ஒரு கோல்கூடப் போடாத ஃபார்வர்டுக்கு!

நடுவரிசைக்கு ஏழு. கீப்பருக்கு ஆறு.

பின்வரிசைக்கு மூன்று.

அவளுக்குக் காது சுட்டது. கேப்டன் என்று பெயர்தான். கேட்பார் இல்லை.

“டீமோட ஓட்டை இதுதான் மேடம்,” என்றார் சார். “அதுலயும் இந்தப் பேச்சியம்மா செஞ்சது இருக்கே, சின்னப் புள்ளகூடச் செய்யாது.”

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

பேச்சி செய்தது இதுதான். எதிரணிக்காரி உதைத்த பந்து கோலை விட்டு எங்கோ விலகி, வெளியே போய்க்கொண்டிருந்தது. விட்டிருந்தால் கோட்டைத் தாண்டியிருக்கும். கோல் கிக் நமக்கு. கீப்பர்கூடக் கையைத் தொங்கப்போட்டுவிட்டாள். பேச்சி விடவில்லை. உயிரைக் கொடுத்து ஓடினாள். கோட்டோரம் விழுந்து, காலை நீட்டி, பந்தை உள்ளேயே நிறுத்தினாள்.

நிறுத்திய பந்தை எதிரணிக்காரி நிதானமாக எடுத்துக் கோலுக்குள் தட்டிவிட்டாள்.

மைதானமே சிரித்தது.

பின்வரிசை சிரிக்கவில்லை. அது ஏன் நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

கல்லூரி மைதானத்தில் கோலுக்கு வலை கிடையாது. பின்னால் வேலியும் கிடையாது. கருவேலங்காடு. கோட்டைத் தாண்டி உருளும் பந்து முள்ளில் போய்ப் புஸ்ஸென்று அடங்கிவிடும். இருப்பதோ சொற்பப் பந்து. அதனால், சேர்ந்த நாள் முதல் பின்வரிசைக்குச் சார் நடத்திய ஒரே பாடம் இதுதான்: பந்து கோட்டைத் தாண்டக் கூடாது.

ஃபார்வர்டுகள் மனம்போன திசையில் உதைப்பார்கள். அது ஷூட்டிங் பயிற்சியாம். இவர்கள் நாக்குத் தள்ள ஓடி, பந்து முள்ளுக்குப் போகாமல் மறிப்பார்கள். அது டிஃபன்ஸ் பயிற்சியாம். எதிரணிக்காரியை எப்படி மடக்குவது, ஆஃப்சைடில் எப்படி மாட்டிவிடுவது, ஒருநாள் சொல்லிக்கொடுத்திருப்பாரா மனிதர்? தப்பித்தவறி ஒரு பந்து முள்ளுக்குப் போனால் மட்டும் விழுகிற திட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

இந்த லட்சணத்தில் மூன்று மார்க்.

“பேச்சியைத் தூக்கிடலாம் மேடம்.”

சார் இதைச் சர்வ சாதாரணமாகச் சொன்னார். பேச்சி விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவள். டீமில் இல்லையென்றால் விடுதியில் கட்டில் இல்லை. கட்டில் இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். படிப்பு அவ்வளவுதான்.

கேப்டன் எழுந்த வேகத்தில் பெஞ்ச் பின்னால் நகர்ந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். வலையை, முள்ளை, திட்டை.

“வெளிய போற பந்த விட்ருன்னு எங்களுக்கு என்னைக்கு சார் சொல்லிருக்கீங்க? நீங்க நடத்துன பாடத்தத்தான் அவ அங்க ஒப்பிச்சா. மார்க் போடுறதுன்னா அந்தப் பாடத்துக்குப் போடுங்க.”

பிரின்சிபல் அம்மா சாரைப் பார்த்தார். சார் சாக்பீஸை உருட்டிக்கொண்டே யோசித்தார்.

ஒரு கணம், ஜெயித்துவிட்டோம் என்றே அவள் நினைத்துவிட்டாள்.

“சரி மேடம், பேச்சி இருக்கட்டும்,” என்றார் சார். “பிராக்டீஸ்ல பந்த மறிக்க அவள விட்டா ஆளில்ல. மேட்ச்சுக்கு வேற புள்ளயப் போட்டுக்கலாம்.”

பிரின்சிபல் அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. தலையாட்டினார்.

கட்டில் தப்பியது.

பிள்ளையை முள்வேலியாக நட்டுவைக்கிறார்கள். அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும் போல எல்லோரும் பேச்சியைப் பார்த்தார்கள்.



மறுநாள் சாயங்காலம் ஃபார்வர்டுகள் உதைக்க ஆரம்பித்தார்கள். முதல் பந்தே கோலுக்குச் சம்பந்தமில்லாமல் கோட்டைப் பார்த்து உருண்டது. பேச்சியின் காலுக்குப் பக்கத்தில்தான் போனது.

பேச்சி அசையவில்லை.

ஓடியது அவள்தான். அத்தனை பேர் முன்னால் அத்தனை பேசியவள்தான். கால் சொன்னதைக் கேட்டால்தானே.

பேச்சியைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு கை சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது.

“விடுங்கக்கா. வெளிய போகட்டும்.”

விசில் கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு சாரின் குரல், பேச்சியின் பெயரைச் சொல்லி.

பந்து உருண்டுகொண்டே போனது.



பேச்சி பிடியை விடவில்லை.