இவருக்கு மட்டும் அனுமதி

ஸிப்போரா டீச்சர் என் அழகு நிலையத்தின் படியிறங்கி வருவதைப் பார்த்ததும், மேஜையில் இருந்த நகப்பூச்சு பாட்டில்களை அவசரமாக இழுப்பறைக்குள் தள்ளினேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

ஐந்தாம் வகுப்பில் என் கையில் பேனாவால் ஒரு பூ வரைந்திருந்தேன். வகுப்பே பார்க்கக் குழாயடியில் நிறுத்தித் தேய்க்க வைத்தார். உடம்பில் அடையாளம் குத்தக்கூடாது என்பது எங்கள் யூத வேதச் சட்டம். பேனா மையெல்லாம் அதில் சேராது. டீச்சருக்கு அதுவும் சேரும்.

"யாரையாவது தேடி வந்தீங்களா டீச்சர்?"

"உன்னைத்தான், பெனினா. புருவம் போட்டுக்கணும்."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம்.

புருவம் போடுவதென்றால் ஊசியால் தோலில் மையை இறக்க வேண்டும். இரண்டு வருடத்தில் மங்கிவிடுகிற மைதான். ஆனாலும் எங்கள் பினே ப்ராக் ஊரில், மதகுருவான ரபியிடம் எழுதிக் கேட்டு, அதே தாளின் அடியில் அவர் அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் நான் ஊசியைத் தொடுவேன்.

டீச்சர் தாளை நீட்டினார். வழக்கம்போல அடியில் மட்டும் பார்த்தேன். 'இவருக்கு மட்டும் அனுமதி. வேறு யாரும் இதைக் காட்டிக் கேட்க வேண்டாம்.'

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பெரிய மனுஷிக்கென்று தனிச் சட்டமா?

ஏனென்றால், மூன்று மாதம் முன்பு அதே நாற்காலியில் நெஹாமா உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. ஏதோ ஒரு காய்ச்சலில் இரண்டு புருவமும் உதிர்ந்து, பிறகு முளைக்கவே இல்லை. வார நாட்களில் பென்சிலால் வரைந்து சமாளித்துவிடுவாள். வெள்ளிக்கிழமை மாலை வரைந்தது சனிக்கிழமை விடிவதற்குள் தலையணையில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஓய்வுநாளான அன்று மறுபடி வரையவும் கூடாது. அதனால் சனிக்கிழமைகளில் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றாள். கல்யாணமான முதல் சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பானே என்ற பயம்.

ரபி அவளுக்குத் தாராளமாக அனுமதி எழுதியிருந்தார். ஆனால் ஊசியைக் கையில் எடுத்ததும் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டாள். ரபி பரிதாபப்பட்டு எழுதியிருப்பார், ஸிப்போரா டீச்சர் கூடாது என்றுதானே சொல்லிக்கொடுத்தார் என்று அழுதுகொண்டே போனாள்.

அடக்க முடியாமல் டீச்சரிடம் அதைச் சொல்லியேவிட்டேன்.

"தெரியும்," என்றார். "மரத்துப்போற மருந்தைத் தடவு."

அவருக்குப் புருவம் அடர்த்தியாகத்தான் இருந்தது. அங்கங்கே நரை. நடுவில் லேசாக நிரப்பினால் போதும் என்றேன்.

"இருக்கறத மழிச்சிடு. மொத்தமா."

அறுபத்து மூன்று வயது, கணவர் போய்ப் பதினோரு வருடம், புது வடிவம் கேட்கிறதாக்கும் என்று நினைத்தபடி மழித்தேன். ஊசி ஓடும்போது அவர் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. முடிந்ததும் கண்ணாடியை நீட்டினேன்.

"நீ பாத்தியே, போதும்," என்று எழுந்து போய்விட்டார்.

முதல் ஒரு வாரம் அந்த மை கன்னங்கரேலென்று இருக்கும். விடுப்பு எடுத்து வீட்டில் இருந்திருக்கலாம். மறுநாளே பள்ளிக்கூடம் போனார். தெருவுக்குக் கேட்க வேண்டுமா? டீச்சருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று காய்கறிக் கடையில் அவர் காதுபடவே கேட்டார்கள். அவர் தலையைக் குனியாமல் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் அங்கே நின்று சிரித்தேன்.

மூன்றாவது வாரம் நெஹாமா வந்தாள். கையில் அதே பழைய அனுமதித் தாள்.

"இன்னிக்குப் போட்டுடுங்கக்கா."

டீச்சர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"ஒண்ணுமே சொல்லல. சனிக்கிழமை காலையில வீட்டுக்கு வந்து என் எதிர்ல உக்காந்தாங்க. முகத்தைக் கைக்குட்டையால அழுத்தித் தொடச்சாங்க. புருவம் அப்படியே இருந்துச்சு." குரலைத் தாழ்த்தினாள். "பாவம்க்கா. அவங்களுக்கும் என்னை மாதிரியே கொட்டிப்போயிருக்கு. இத்தனை வருஷம் யாருக்குமே தெரியல."

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு ஊசியை எடுத்தேன். இந்த முறை அவள் இறங்கவில்லை. முடிந்ததும் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமையும் இருக்குமா, சனிக்கிழமையும் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் போன பிறகு அவளுடைய தாளைக் கோப்பில் வைக்கப் போனேன். மேலாக டீச்சரின் தாள். அதன் மேல் பாதியை அன்றுதான் உட்கார்ந்து படித்தேன்.

'என் மாணவி ஒருத்தி, தாங்கள் கொடுத்த அனுமதியைவிட என் பேச்சைப் பெரிதாக எண்ணி வீட்டுக்குள் கிடக்கிறாள். சட்டத்தைவிடக் கடுமையாகச் சொல்லிக்கொடுத்தது என் தவறு. இப்போது வாயால் சொன்னால், நானும் பரிதாபத்தில் சொல்வதாகத்தான் நினைப்பாள். எனக்குப் புருவம் நன்றாகவே இருக்கிறது. அதை மழித்துவிட்டு நானும் போட்டுக்கொள்ளலாமா?'

அதற்குக் கீழே ரபி எழுதியிருந்த வரியை மறுபடி படித்தேன். இந்த முறை எழுந்து நின்று.