பின்சில்லு

பின்சில்லு மறுபடியும் சும்மா சுற்றியது.

கார் முன்னால் போகவில்லை. பின்பக்கம் மட்டும் பக்கவாட்டில் நழுவி, நடைபாதைக் கல்லில் போய் இடித்தது.

“அமத்தாதை எண்டு சொன்னனான்,” என்றார் அவர். பின்னிருக்கையில் முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்டின.

மகன் மறுபடியும் அக்சிலேட்டரை அமத்தினான்.

வெளியே பனி. பனிக்குக் கீழே வழுவழுவென்று ஐஸ். கனடாவின் ஸ்காபரோவில் இந்த ஓர் ஏற்றம்தான் மிச்சம். ஏறிவிட்டால் அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டரில் கல்யாண மண்டபம். மகனுக்குப் பார்த்த பெண் உடுத்து வெளிக்கிட்டு நிற்கிறாள். பத்து நாற்பத்தைந்துக்குள் தாலி ஏறவேண்டும்.

இப்போது பத்து இருபது.

தாலிக்கொடி அவர் மடியில்.

கூறைச்சேலையோடு அதையும் மகள் கையில் தட்டத்தில் வைத்து அனுப்புவதுதான் வழக்கம். வழக்கம் கிடக்கட்டும். வான் வண்டி நிறையச் சனம் ஏறிப் போயிற்று. எவன் கை எங்கே போகும் என்று யார் கண்டது? சின்ன இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்கிருந்த ஒரே சாவி, அந்தத் திறப்பை வேட்டித் தலைப்பில் முடிந்து இடுப்பில் சொருகினார். பெட்டியோடு இந்தக் காரில் ஏறினார்.

இதுவும் ஒரு கார்.

பார்த்த அன்றே அவருக்குத் தெரியும். வவுனியா, மன்னார் என்று முப்பது வருடம் லொறி ஓட்டியவர். எஞ்சின் முன்னால் கிடக்கிறது. ஓட்டுகிற சில்லோ பின்னால். பின்னுக்குப் பாரமே இல்லை. போதாக்குறைக்குக் கோடைகால டயர். “வால் காத்தாட நிக்குது,” என்று சொன்னார். யார் கேட்டது? வாடகைக் கார்க்காரன் பனி என்று வராமல் விட்டதும், இதுதான் சாட்டென்று மாப்பிள்ளையே தன் காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

சிவப்பு நிறம் வேறு.

தலைப்பாகை கூரையில் முட்ட, கழுத்தைச் சரித்துக்கொண்டு ஓட்டினான் வாகீசன். கழற்ற அவர் விடவில்லை.

“அப்பா, இது லொறி இல்லை.”

“லொறி எண்டா இப்ப மண்டபத்திலை நிண்டிருக்கும்.”

முன்னிருக்கையில் இருந்தவன் சிரித்தான். நிருஷன். பெண்ணின் தம்பி. மாப்பிள்ளைத் தோழனாக வந்து அழைத்துப்போவது அவன் முறை. ஆள் நூற்றுப்பத்துக் கிலோ இருப்பான். சம்பந்தம் பேசப் போன அன்றே அவர் மனைவியின் காதில் சொல்லியிருந்தார்: “அவன்ரை முகத்தைப் பார். பூட்டு உடைக்கிறவன்ரை முகம்.”

நிருஷன் இறங்கித் தள்ளினான். புதுச் சப்பாத்து. ஒரு தரம் விழுந்தான். எழும்பி, இன்னொரு தரம் விழுந்தான்.

அவருக்குப் பொறுக்கவில்லை.

“விடும் தம்பி. நீர் தள்ளுற ஆள் இல்லை, ஏத்துற சாமான். வந்து என்ரை இடத்திலை குந்தும்.”

“மாமா, இந்தக் குளிருக்கை நீங்கள்...”

“குந்தும் எண்டன்.”

பெட்டியோடு இறங்கினார். குளிர் வேட்டிக்குள் புகுந்து கடித்தது. பட்டுச் சால்வையை உருவி ஒரு சில்லின் கீழே திணித்தார். காரின் கால்மிதியை மற்றதன் கீழே.

“இரண்டாம் கியர். பக்கத்திலை கைக்குழந்தை நித்திரை எண்டு நினைச்சு எடு.”

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கையால் தள்ளினார்.

கார் அசைந்தது. அவர் சறுக்கினார். பெட்டி விழுந்து ஐஸில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பின்னாலேயே தவழ்ந்து போய்ப் பிடித்தார்.

கார் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

“அப்பா, உந்தப் பெட்டியை உள்ளுக்குக் குடுங்கோவன்!”

“ஏலாது.”

பத்து முப்பத்தொன்று.

திறந்த கதவால் பெரிய கை ஒன்று நீண்டது.

“தாங்கோ மாமா. நான் வைச்சிருக்கிறன்.”

கையைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

கொடுத்தார்.

இரண்டு கையாலும் தள்ளினார். சில்லு சால்வையைக் கவ்வியது. மென்றது. துப்பியது. பிறகு எங்கோ ஐஸுக்குக் கீழே றோட்டைப் பிடித்தது.

வால் ஒரு தரம் இடப்பக்கம் போனது. ஒரு தரம் வலப்பக்கம். பிறகு நேரானது.

ஏறத் தொடங்கிற்று.

பாதி ஏற்றத்தில் பின்விளக்கு இரண்டும் சிவந்தன. அவருக்காக நிறுத்தப் பார்க்கிறான், மடையன்.

“நிப்பாட்டாதை! போடா!”

சிவப்பு அணைந்தது. கார் மேட்டைத் தாண்டி மறைந்தது.

மூச்சு வாங்க நின்றார். சிரிப்பு வந்தது. பார்க்க ஆள் இல்லாததால் சிரித்தார்.

சால்வையை எடுத்து உதறினார். பட்டில் டயர் அச்சு. அப்படியே போர்த்துக்கொண்டார். நடந்து போனால் போகிறது. தாலி கட்டுகிறதைப் பார்க்கக் கிடைக்காது, பரவாயில்லை. தாலி போய்ச் சேர்ந்தால் சரி.

நடக்கும் முன் வேட்டியை இறுக்கக் கட்டலாம் என்று இடுப்பில் கை வைத்தார்.

பெட்டியின் திறப்பு தட்டுப்பட்டது.

பத்து முப்பத்தைந்து.

கூப்பிட்டுச் சொல்லக் கைபேசி இல்லை. ஒட்டுக்கேட்பார்கள் என்று அவர் அதை வைத்துக்கொள்வதில்லை. றோட்டில் ஒரு வாகனமும் இல்லை.

ஏறினார். சறுக்கினார். கையூன்றி எழும்பி, மறுபடியும் ஏறினார்.

“முருகா,” என்றார் வாய்விட்டு. “அந்தத் தோழன் பெடியன் நான் நினைச்ச ஆளாவே இருக்கவேணும்.”