எட்டுக் குதிரை நாணயம்

"விறைச்சே செத்துடுவேன் போலிருக்கு. ஹீட்டரைப் போடேன் நார்மன்!"

"வேணாம் மார்ஜரி. குளிர் உடம்புக்கு நல்லது" என்றான் நார்மன். காருக்கு வெளியே ஜனவரிப் பனி. அவன் நெற்றியிலோ வியர்வை.

மார்ஜரியின் மடியில் ஒரு சின்னப் பெட்டி. அதில் பழைய முடிசூட்டு விழாவின் நினைவு நாணயம்; எட்டுக் குதிரைகள் அரச வண்டியை இழுப்பது போல மேலே பொறித்திருக்கும். செத்துப்போன அப்பா கொடுத்தது என்று அதை உயிராய் வைத்திருந்தாள். சர்ச் மண்டபத்துக்குப் பழம்பொருள் நிபுணர் வருகிறார் என்றதும் கிளம்பிவிட்டாள்.

போன வசந்தத்தில் நார்மன் அந்த வெள்ளிக் குதிரைகளைப் பெர்சியின் பழைய சாமான் கடையில் விற்று, பணத்தைப் பந்தயக் குதிரை மேல் கட்டியிருந்தான். அந்தக் குதிரை இன்னும் வந்து சேரவில்லை.

பதிலுக்குப் பெட்டியில் வைத்தது, வெள்ளித்தாள் சுற்றிய சாக்லெட் காசு. புது மன்னருக்கு முடிசூட்டியபோது விற்றது, அதிலும் அதே வண்டி. கிறிஸ்துமஸ் முழுக்கக் கணப்புக்கு மேலேயே இருந்தும் உருகாதது கடவுள் செயல் என்று நினைத்துக்கொண்டான். இன்று தெரிந்தால் குடித்தனமே போச்சு.

"மார்ஜரி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லு. கேக் தீர்ந்துடப் போகுது."

மண்டபத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டை கட்டிய நிபுணர் நாணயத்தை எடுத்து லென்ஸை வைத்துப் பார்த்தார். நார்மன் வாசற்கதவைப் பார்த்தான்.

"அசல் வெள்ளிம்மா. குதிரையோட பிடரி மயிர்கூடத் தேயலை. ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க."

நார்மன் கையிலிருந்த டீ அவன் சட்டை மேலேயே கொட்டியது. ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போன உயிர் திரும்பி வந்ததும் வாய் சும்மா இருக்குமா?

"நான்தான் சார் கண்ணுல வச்சுக் காப்பாத்தறேன். இவளுக்கு இதோட அருமை எங்க தெரியுது?"

மார்ஜரி இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது, கடை வாசலில் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்த பெர்சி இவர்களைப் பார்த்துக் கையசைத்தார். நார்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மார்ஜரி பளிச்சென்று சிரித்துப் பதிலுக்குக் கையசைத்தாள்.

பிறகு பெட்டியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, தானே ஹீட்டரை முழுசாகத் திருகினாள்.

"உன் சாக்லெட் நல்லாத்தான் இருந்துச்சு, நார்மன்."